ஆந்தை முகமூடியின் உட்பக்கம்

பெரியவளே, சின்னவனே,

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். "அப்பா, ஆர்டர் வர்ற போன் ஏன் எப்பவும் அம்மாகிட்டயே இருக்கு? மாஸ்க் செய்யறது நீங்கதானே?" சார்ஜர் அடுக்களையில்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். அது பாதி உண்மைதான். சார்ஜர் முன்பு பட்டறையில் என் தலைக்கு மேலேதான் தொங்கியது. அது அடுக்களைக்குப் போன கதையைத்தான் எழுதுகிறேன்.

ஹிந்தியில் எழுதினால் கடகடவென்று படித்துவிடுவீர்கள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். மெதுவாகவே படியுங்கள். நான் எட்டாவது வரை படித்தவன், நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

முகமூடி செய்ய ஆரம்பிப்பதற்கு முன் நான் தோல் பை தைத்துக்கொண்டிருந்தேன். அது உங்களுக்குத் தெரியும். ஆனால் பை எப்படி வெட்டுவார்கள் என்று நீங்கள் பார்த்ததில்லை. அட்டையை இரண்டாக மடித்து, பாதி உருவத்தை வரைந்து, வெட்டி, விரிப்போம். இடது பக்கமும் வலது பக்கமும் அச்சாக ஒன்றுபோல வரும். ஒரு நூல் அளவு கூடக் குறைய இருந்தாலும் செக்கர் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிடுவார். "ரிஜெக்ட்" என்ற ஒரு வார்த்தைதான் சொல்வார். பதினேழு வருஷம் அந்த வார்த்தைக்குப் பயந்தே வேலை செய்தேன். இரண்டு பக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது என் கையிலேயே ஊறிப்போயிற்று.

பிறகு பை ஆர்டர் குறைந்தது. அந்த நேரத்தில் ஒரு காலேஜ் பையன் போனில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு எங்கள் சந்தில் கடைகடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். கொம்பு வைத்த அரக்கன் முகம். அதைப் போலவே செய்து தலையில் மாட்டிக்கொண்டு, படக்கதை ஆட்களைப் போல வேஷம் போட்டு வருகிற ஏதோ விழாவுக்குப் போக வேண்டுமாம். எல்லோரும் சிரித்து அனுப்பினார்கள். நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். கொம்பை விட்டுவிட்டால் அதுவும் ஒரு பைதான் என்று தோன்றியது. செருப்பு அட்டை வெட்டுகிற ஃபோம் ஷீட்டை வாங்கி, சூடு காட்டி வளைத்து, சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். அரக்கன் வந்துவிட்டான்.

வாங்கிப்போன பையன் மூன்றாம் நாள் திரும்பி வந்தான். "அங்கிள், வெளியே ஏக்தம் சூப்பர். உள்ளே காதுகிட்ட அறுக்குது. அரை மணி நேரம் போட முடியல."

அன்றைக்கு உங்கள் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். மாதுங்கா மாமிகளின் பட்டுப் புடவைகளுக்கு ஃபால் தைப்பதுதான் அப்போது அவளுடைய வேலை. புடவையின் கீழ்க்கரைக்கு உள்பக்கமாகத் தைக்கிற அந்தப் பருத்திப் பட்டையை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே தொடுவாள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கிப் புடவையை இழுத்துவிடும். அப்படி ஊறிக் காய்ந்த துண்டுகள் அவளிடம் எல்லா நிறத்திலும் மீதம் இருக்கும். அரக்கனுக்கு உள்ளே ஒரு ரோஸ் கலர் துண்டை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கன்னத்துக்கு மட்டும் கொஞ்சம் ஸ்பாஞ்ச்.

பையன் மாட்டிப் பார்த்தான். பிறகு கழற்றி, வெளிப்பக்கத்தை அல்ல, உள்பக்கத்தைப் போட்டோ எடுத்தான்.

என் வயிற்றில் முதல் தீ அங்கேதான் விழுந்தது.

வாத்தியார் மாதிரி சொல்லவில்லை, பிள்ளைகளே. நடந்ததைச் சொல்கிறேன். நான் நான்கு நாள் வளைத்த கொம்பு. அவள் ஒரு மத்தியானத்தில் தைத்த துணி. அவன் துணியைப் போட்டோ எடுக்கிறான்.

பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக வர ஆரம்பித்தார்கள். கோவண்டி, சுனாபட்டி, ஒருத்தர் கல்யாணிலிருந்துகூட. போன் அடிக்கும். எடுத்தால், "ஹலோ அங்கிள், ஆன்ட்டி இருக்காங்களா?" என்பார்கள். வெளிப்பக்கம் எந்தக் கலர் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அளவு எடுக்க ஆன்ட்டி வேண்டும் என்பார்கள். அளவு என்றால் பெரிய வித்தை இல்லை. தலை முழுக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, கண் மூக்கு எங்கே என்று பேனாவால் கோடு போட்டு, பின்னால் கத்தரித்துக் கழற்றுவது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் உங்கள் அம்மா டேப் ஒட்டும்போது ஏதாவது பேசிச் சிரிக்கவைப்பாள். சிரிக்கும்போது தாடை எங்கே போகிறது என்று பார்ப்பாள். எனக்கு அதைச் செய்யத் தோன்றியதே இல்லை. தோன்றாததற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

எதிர்ப் பட்டறைக்காரர் வேறு சும்மா இருக்க மாட்டார். டீயைக் குடித்துக்கொண்டே வாசலில் நின்று கத்துவார்.

"என்ன அண்ணாச்சி, கம்பெனிக்கு முதலாளி மாறியாச்சு போல? எல்லாரும் மதினியத்தான் கேக்காவ!"

"நீரு உம்ம பைய ஒழுங்காத் தையும்வே" என்பேன்.

"நான் தைக்குதேன். ஒமக்குத்தான் உள்ளயும் இல்ல வெளியயும் இல்லன்னு ஆயிட்டு."

ஒரு தடவை முகமூடியின் உட்பக்கம் என் முத்திரையைப் பதித்தேன். பை தைத்த காலத்து இரும்பு அச்சு. உங்கள் அம்மா அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். "இது அந்தப் பையன் நெத்தியில பதிஞ்சிரும்லா? மாட்டுக்குச் சூடு வச்ச மாதிரி அலைவான்." நீங்கள் இரண்டு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தலைவலி என்று நினைத்திருப்பீர்கள்.

இனி ஆந்தை முகமூடிக்கு வருகிறேன்.

செம்பூரில் பேங்கில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்தாள். வீடு மாதுங்கா. அவளுடைய அம்மாவின் புடவைக்கு உங்கள் அம்மா ஃபால் தைத்திருக்கிறாள், அப்படித்தான் பழக்கம். ஆந்தைத் தலையுள்ள ஒரு போர்வீரன் வேஷம் கட்டப் போகிறாள். கோரேகான் பக்கம் பெரிய ஹாலில் விழா, மேடையில் போட்டி. மூன்று வருஷமாகப் பார்வையாளராகவே போய் வந்தவள், இந்த முறைதான் மேடையேறத் துணிந்திருக்கிறாள். "படியில இறங்கச்சே விழாம இருந்தாப் போறும் அங்கிள். போன தடவை ஒருத்தர் எல்லார் முன்னாடியும் விழுந்துட்டார். அதுக்கப்புறம் அவர் வரவே இல்லை" என்றாள். அவளுக்குப் பரிசு பெரிதில்லை, அந்தப் படிதான் பெரிது.

டேப் ஒட்டும்போது உங்கள் அம்மா அவளுடைய கன்னத்தில் விரலை வைத்துக் கேட்டாள். "எப்பம்மா விழுந்த?"

அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள். "சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து. எப்படித் தெரிஞ்சுது ஆன்ட்டி? கண்ணாடியில பார்த்தா எனக்கே தெரியாது."

"எடது எலும்பு கொஞ்சம் உள்ள போயிருக்கு. கைக்குத் தெரியுதுல்லா?" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இந்தப் புள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா வெட்டாதிய. எடது பக்கம் தனியா வெட்டுங்க."

நான் தலையாட்டினேன். ஆனால் அட்டையை மடித்துத்தான் வெட்டினேன். எனக்குச் சொல்லிக்கொடுக்க இவள் யார் என்றுதான். ஆந்தை அழகாக வந்தது, அதில் சந்தேகம் இல்லை. இறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி ஒட்டினேன். எதிர்ப் பட்டறைக்காரரே வந்து பார்த்து, நக்கல் பேசாமல் போனார்.

உங்கள் அம்மா நான் வெட்டிய விதத்தைப் பார்த்தாள். உள்ளே இடது கன்னத்துக்குத் தடித்த ஸ்பாஞ்சும் வலதுக்கு மெல்லியதும் வைத்து, மஞ்சள் ஃபால் துணியால் மூடித் தைத்துவிட்டாள். வியாழக்கிழமை அந்தப் பெண் வந்து மாட்டிப் பார்த்தாள். ஆந்தையின் கண்ணுக்குக் கீழே, தரை தெரிவதற்காக, ஒரு சின்ன இடுக்கு வைத்திருந்தேன். அது சரியாக அவள் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. நம் வீட்டு மாடிப் படியில் மூன்று தரம் ஏறி இறங்கினாள். சந்தோஷத்தில் உங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். மூக்கில் ஒட்டவேண்டிய கடைசி வரிசை இறகுக்காக முகமூடி என்னிடமே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் உங்கள் அம்மா புடவைகளைக் கொடுக்க மாதுங்காவுக்குப் போயிருந்தாள். நீங்கள் டியூஷனில். போனில் அந்தப் பெண்ணின் குரல் செய்தி வந்தது.

"அங்கிள், நாளைக்கு ஆன்ட்டியை அவசியம் கூட்டிண்டு வாங்கோ. ஸ்டேஜுக்குப் போறச்சே ஆன்ட்டிதான் எனக்குப் போட்டுவிடணும். ஜட்ஜஸ் மாஸ்க்கைத் திருப்பி உள்ளேயும் பார்ப்பாளாம். செஞ்சவாளையும் மேடைக்குக் கூப்பிடுவா. ஆன்ட்டி மேடையில நிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

நான்கு முறை கேட்டேன். ஆன்ட்டி என்று மூன்று தடவை வந்தது. அங்கிள் ஒரே தடவை, அதுவும் கூப்பிடுவதற்கு.

முகமூடியைத் திருப்பி உட்பக்கம் பார்த்தேன். ஒரு பக்கம் புடைத்தும் ஒரு பக்கம் ஒட்டியும் இருந்தது. இதை ஜட்ஜ் பார்த்தால் ரிஜெக்ட் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை அந்தப் பெண் அதைப் போட்டுக்கொண்டு படியேறி இறங்கியதை நான் பார்த்தவன்தானே? பார்த்தவன்தான். இருந்தாலும் பிளேடை எடுத்து உங்கள் அம்மாவின் தையலைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஸ்பாஞ்ச் வெட்டி வைத்து, என் கையால் தைத்தேன். உள்ளும் புறமும் இனி என் வேலை. மனதுக்கு அப்போது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் அம்மா வந்ததும், "நாளைக்கு ஹால்ல குடுத்துட்டு வந்துருதேன்" என்று மட்டும் சொன்னேன். செய்தியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

காலையில் அவளே ஒரு பழைய நூல் புடவைத் துண்டில் ஆந்தையைச் சுற்றிக் கொடுத்தாள். உள்ளே திருப்பிப் பார்க்கவில்லை. என்மேல் நம்பிக்கை.

மாஹிமில் ரயில் ஏறினேன். ஹால் வாசலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். செய்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை தந்தார்கள். உள்ளே போனால் றெக்கை கட்டினவர்கள், வாள் வைத்தவர்கள், பச்சை முகத்தோடு வடை தின்கிறவர்கள். நம் ஆந்தைப் பெண் கவசமெல்லாம் போட்டுத் தயாராக நின்றாள்.

"ஆன்ட்டி எங்கே?"

"வேல இருக்கும்மா" என்றேன்.

அவள் முகம் வாடியது. ஆனாலும் குனிந்தாள். நான் ஆந்தையை மாட்டிவிட்டேன். அது மெல்ல இடது பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தினேன். மறுபடியும் சாய்ந்தது. வாரை இறுக்கினேன். கழுத்தோடு சேர்ந்து சாய்ந்தது.

"அங்கிள், தரை தெரியலை." உள்ளேயிருந்து குரல் வந்தது. "வியாழக்கிழமை நன்னாத்தானே இருந்தது? இப்போ ஒண்ணுமே தெரியமாட்டேங்கறது. இன்னும் நாலு பேருக்கு அப்புறம் நான்."

மேடையின் படிகளைப் பார்த்தேன். நான்கு படி. கைப்பிடி இல்லை. என் கை சொல்யூஷன் ஒட்டினதுபோல நின்றுவிட்டது. எங்கே தூக்கவேண்டும், எவ்வளவு தூக்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவளிடம் கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். கேட்காவிட்டால் இந்தப் பெண் கண் தெரியாமல் அந்தப் படியில் இறங்குவாள்.

வீட்டில் இருந்த இன்னொரு போனுக்கு வீடியோ கால் போட்டேன். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் அம்மாவுக்குப் பின்னால் நின்று, "அப்பா, கேமராவத் திருப்புங்க, டைனோசர் இருக்கா?" என்று கை ஆட்டிவிட்டு விளையாட ஓடினீர்களே, அந்தக் கால்தான்.

"என்ன?" என்றாள் உங்கள் அம்மா.

"சாயுதுட்டி."

"எப்படிச் சாயும்? உள்ள காட்டுங்க."

முகமூடியைக் கழற்றித் திருப்பி போன் முன்னால் பிடித்தேன். மஞ்சள் துணியின்மேல் பை தைக்கிற தடிமனான தையல். அவள் முகம் திரையில் அசையவே இல்லை. நெட் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"அது என் தையல் இல்லயே."

அந்தப் பெண் போனை எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நீங்க ஏன் வரலை? நேத்து மெசேஜ் அனுப்பினேனே. அங்கிள் சொல்லலையா?"

பிள்ளைகளே, அந்த ஹாலில் அத்தனை பேர் முகமூடி போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கிடைக்காதா என்றிருந்தது.

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "சொன்னாவம்மா. எனக்குத்தான் வர முடியல. அது கெடக்கட்டும், நீ பயப்படாத. ஏங்க, நான் சுத்திக் குடுத்தேம்லா, அந்தச் சேலைத்துணி. அதுல ஒரு முழம் கிழிங்க. நாலா மடிங்க. மாட்டிவிட்டு எடது கன்னத்துக்கும் முகமூடிக்கும் நடுவுல விரல விடுங்க. எத்தன விரல் போவுது?"

"ரெண்டு."

"அப்பம் இன்னொரு மடிப்பு. வையுங்க. ஏம்மா, இப்பச் சிரி."

"சிரிப்பு வரலையே ஆன்ட்டி."

"அங்கிள் மூஞ்சியப் பாரு, வரும்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது துணி நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் ஊசி போட்டு நிறுத்தச் சொன்னாள் உங்கள் அம்மா. நிறுத்தினேன். ஆந்தை நேராக நின்றது.

"தரை தெரியறது!" என்றாள் உள்ளேயிருந்து.

மேடையில் நடந்தாள், தலையைத் திருப்பினாள், இறக்கையை விரித்தாள், நான்கு படியும் ஒவ்வொன்றாக இறங்கினாள். விழவில்லை. நடுவர் ஒருவர் முகமூடியை வாங்கி உள்ளே பார்த்தார். கிழிந்த சேலைத் துணியும் ஊசியும் இருந்தன. பரிசு கிடைக்கவில்லை. மைக்கில் செய்தவர் பெயர் என்று என் பெயரை மட்டும் வாசித்தார்கள். மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கூட்டத்துக்குள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கிரிக்கெட் விளையாடப் போயிருந்தீர்கள். கழுத்து அட்டையைக் கழற்றி உங்கள் அம்மாவிடம் நீட்டினேன்.

"இத நான் போட்டுக்கிட்டா பருப்பு வெந்துருமா?" என்றாள். வாங்கவில்லை. குக்கர் விசில் அடித்ததும் அடுப்பை அணைத்தாள். பிறகு, "அந்த மெசேஜப் போடுங்க, கேப்போம்" என்றாள்.

போட்டேன். தரையில் உட்கார்ந்து கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள். 'ஆன்ட்டி மேடையில நிக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை' என்ற இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எனக்கு வயிறு எரிஞ்சுதுட்டி" என்றேன். வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

"தெரியும். முத்திர குத்துன அன்னைக்கே தெரியும்" என்றாள். "எம்மேல எரிஞ்சா எங்கிட்ட கத்துங்க. அந்தப் புள்ள என்ன செஞ்சுது? விழுந்துருந்தா?"

நான் கழுத்து அட்டையின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து, போனை வாங்கி, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். பட்டறைக்குப் போய்ச் சார்ஜரையும் எடுத்து வந்தாள். "இனிமே இது இங்க இருக்கும்" என்றாள். அவ்வளவுதான். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. நீங்கள் இதைப் படித்துவிட்டு அவளிடம் போய்க் கேட்டாலும் சிரிப்பாள். கேளுங்கள், பரவாயில்லை.

இப்போது நான் அட்டையை மடித்து வெட்டுவதில்லை. இடதுக்கு ஒரு அட்டை, வலதுக்கு ஒரு அட்டை. கை இன்னும் மடிக்கத்தான் போகிறது, பிடித்து நிறுத்துகிறேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. நேற்றுகூட அடுக்களையில் போன் பாடியது. அந்த ஆந்தைப் பெண்தான். அடுத்த விழாவுக்கு மீன் முகம் வேண்டுமாம், ஆன்ட்டி இந்த முறையாவது வரவேண்டுமாம். பட்டறையில் ஃபோமுக்குச் சூடு காட்டுகிற ஹீட் கன்னை அணைத்துவிட்டு, உங்கள் அம்மா என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"கண்டிப்பா வாரேம்மா" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, நான் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தினாள். "அங்கிளையும் கூட்டிட்டு வாரேன். பை தூக்க ஆளு வேணும்லா?"

தூக்கிக்கொண்டு போவேன். அந்தப் பை நான் தைத்தது. அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.